சிவகங்கைக் குளத்தில் விட்ட மாலை

போன வாரம் நம் கூட்டம் வேன் பிடித்துச் சுற்றுலா போனபோது நான் மட்டும் படகில் ஏறாததைப் பற்றி ஆளுக்கொரு கதை கட்டிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். முழங்கால் வலி என்றாளாம் ஒருத்தி. தண்ணீரைக் கண்டால் பயம் என்றாளாம் இன்னொருத்தி. புதுப்புடவை கசங்கிவிடும் என்றுதான் உட்காரவில்லை என்று சொன்னவள் யாரென்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒன்றாக வேலை பார்த்த காலத்திலேயே அவளுக்கு என் புடவை மேல்தான் கண். நம்மில் பாதிப் பேருக்கு இப்போது காது கேட்பதில்லை, மீதிப் பேர் அடுத்தவரைப் பேச விடுவதில்லை. அதனால் வேனில் சொல்லாததை எழுதித் தருகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

சிவகங்கைப் பூங்காவில் நான் படகேறாததைத்தான் கவனித்தீர்கள். திருவையாற்றில் நான் வேனை விட்டே இறங்கவில்லை. அது யார் கண்ணிலும் படவில்லை. இரண்டுக்கும் காரணம் என் சித்தி.

அம்மாவின் தங்கை அவள். பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாதான் அவளை வளர்த்தாள், அம்மாதான் ஒரு வைகாசியில் அவளுக்குக் கல்யாணமும் செய்து வைத்தாள். எங்கள் வீடு தஞ்சாவூர் மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. சித்தியைக் கொடுத்த இடம் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில். நிலம், பம்புசெட்டு, சொந்தக் களம் எல்லாம் உள்ள குடும்பம். அப்பா ஓர் அரிசி ஆலையில் கணக்குப் பார்த்தார். அங்கே நெல் கொண்டுவருபவர்கள் வழியாக வந்த சம்பந்தம் அது. இவ்வளவு நல்ல இடம் தானாக வந்து கதவைத் தட்டியது என்று அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆடி பிறப்பதற்கு முன்னால் அப்பா போய்ச் சித்தியை அழைத்து வந்தார். புதுப்பெண்ணை ஆடிக்குப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து வைக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு தகரப்பெட்டியோடும் ஒரு துணிப்பையோடும் வந்து இறங்கினாள். பையில் கல்யாண மாலை இருந்தது. காய்ந்த மாலையைப் பத்திரமாக வைத்திருந்து, ஆடிப்பெருக்கன்று புருஷனும் பெண்சாதியுமாகச் சேர்ந்து காவேரியில் விடவேண்டும். அதுவரை தரையில் வைக்கக்கூடாது என்று அம்மா அந்தப் பையை வாங்கிச் சாமி அலமாரிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். அறைக்குள் நுழைந்தால் காய்ந்த ரோஜாவும் சம்பங்கியும் கலந்து அடிக்கும். புத்தகத்துக்குள் பூவை வைத்து மறந்துபோனால் வருமே, அந்த வாசனை. ஸ்டூல் போட்டு ஏறிப் பைக்குள் மூக்கை விட்டு அடி வாங்கியிருக்கிறேன். மாலையில் சுற்றியிருந்த ஜிகினா என் மூக்கில் ஒட்டிக்கொண்டு காட்டிக்கொடுத்துவிட்டது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கல்யாணத்துக்கு முன்னால் சித்தி சத்தமான ஆள். வாசலில் நின்று சிரித்தால் தெருமுனை சோடாக்கடை வரைக்கும் கேட்கும். திரும்பி வந்த சித்தி வந்த அன்று மத்தியானம் சமையலறை நிலைப்படியில் நின்றுகொண்டு அம்மாவிடம் கேட்டாள்.

"அக்கா, தண்ணி குடிச்சுக்கவா?"

அம்மாவுக்குப் புரியவில்லை. "என்னடி கேட்ட?"

"தண்ணி. ஒரு டம்ளர்."

அம்மா சிரித்துவிட்டாள். சாயங்காலம் அப்பா வந்ததும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். "நம்ம வீட்டில குதிச்சிக்கிட்டுத் திரிஞ்ச பொண்ணுங்க இது. ரெண்டு மாசத்துல எவ்வளவு அடக்கமா ஆயிட்டா பாருங்க. மாமியார் நல்லா பழக்கியிருக்காங்க." அப்பாவும் சந்தோஷமாகத் தலையை ஆட்டினார்.

சித்தி எல்லாவற்றுக்கும் கேட்டாள். உட்காரட்டுமா என்றாள், குளிக்கப் போகட்டுமா என்றாள். வாழைப்பூ வடையில் இரண்டாவது எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு, அம்மா எடுத்துக்கோ என்றதும் அவள் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து, "மெதுவாத் தின்னு சித்தி" என்று நானே சொன்னேன். பெண் ஏன் இப்படி இளைத்துவிட்டாள் என்று அடுத்த வீட்டில் கேட்டபோது, புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் அம்மா. அவர்கள் குடித்ததும் காவேரித் தண்ணீர்தான், நாங்கள் குடித்ததும் காவேரித் தண்ணீர்தான். அது எனக்கு இப்போது தோன்றுகிறது. அப்போது பெரியவர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வந்து சில நாள் போனபின், அம்மா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து தானும் பொறுக்கியபடியே சொன்னாள்.

"அக்கா, நான் இங்கேயே இருந்துக்கறேனே."

"ஆடி முழுக்க இங்கதான இருக்கப் போற."

"ஆடி முடிஞ்சும்."

அம்மாவின் கை நின்றது. என்னைப் பார்த்து, போய் விளையாடு என்றாள். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"அடிக்கிறாரா?"

"இல்ல."

"குடிக்கிறாரா?"

"இல்லக்கா."

"பின்ன என்ன குறை உனக்கு?"

"எல்லாத்துக்கும் கேக்கணும்க்கா. கேட்டாலும் உடனே சொல்ல மாட்டாங்க. அவங்க சொல்ற வரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கணும். சில நாள் சொல்லாமலே படுத்துடுவாங்க."

அம்மாவுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. அடியும் குடியும்தான் அவளுக்குத் தெரிந்த கஷ்டங்கள். அவை இரண்டும் இல்லாத வீடு அவள் கணக்கில் சொர்க்கம். "இதெல்லாம் ஒரு காரணமாடி. வெளியில சொன்னா சிரிப்பாங்க. ஒரு புள்ள பொறந்தா எல்லாம் சரியாப் போயிடும். இனிமே இந்தப் பேச்ச எடுக்காத" என்று முறத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அப்பாவுக்கும் விஷயம் போயிருக்க வேண்டும். அவர் வைத்தியம் சொன்னார். "வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தா மனசு கண்டபடி போவும். நாலு இடம் சுத்திக் காட்டுவோம், தெளிஞ்சிடுவா." அப்படித்தான் அந்த ஆடியில் நாங்கள் தஞ்சாவூரையும் சுற்றுவட்டாரத்தையும் வெளியூர்க்காரர்கள் மாதிரி சுற்றிப் பார்த்தோம். பெரிய கோயிலுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு அதற்கு முன் சிவகங்கைப் பூங்காவுக்குள் நான் இரண்டு முறைதான் போயிருப்பேன். எனக்குக் கொண்டாட்டம். ஒருத்தியின் துக்கத்தில் இன்னொருத்தி பூங்காவின் சின்ன ரயிலில் போனாள் என்பது எனக்குத் தெரியாது.

பூங்காவில் மான்களுக்குக் கம்பி வழியாகப் புல் கொடுத்தோம். படகில் போனோம். அம்மாவுக்குக் குளத்தைக் கண்டால் தலை சுற்றும், கரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலங்களில் புது ஆற்றுப் பாலத்துக்கு நடந்து போவோம். ஆற்றில் நுங்கும் நுரையுமாகத் தண்ணீர் ஓடும். பாலத்துச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சித்தி கேட்பாள், "இந்தத் தண்ணி எங்க பாப்பா போவுது?" நான் பள்ளிக்கூடத்துப் பெருமையோடு வாய்க்கால், வயல், கடல் என்று ஒப்பிப்பேன். "இதுல ஒண்ணு விழுந்தா திரும்பி வராதுல்ல?" என்பாள். வராது என்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கல்லணைக்குப் போனோம். மதகுகளின் வழியாகத் தண்ணீர் விழுந்த இரைச்சலில் ஒருவர் பேசியது ஒருவருக்குக் கேட்கவில்லை. வறுத்த மீன் வாசனை, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்ப் பத்தை, ஈரக்காற்று. சாரல் முகத்தில் அடித்தபோது சித்தி வாயைத் திறந்து அதைக் குடித்தாள். பிறகு சிரித்தாள். பழைய சிரிப்பு. இரைச்சலில் அது கேட்கவில்லை, பல் மட்டும் தெரிந்தது. அம்மா அப்பாவின் கையைத் தொட்டு, பார்த்தீர்களா என்பது போலக் கண்ணைக் காட்டினாள். வைத்தியம் வேலை செய்கிறது என்று இருவரும் நம்பிவிட்டார்கள்.

திரும்பும் பஸ் திருக்காட்டுப்பள்ளியில் நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சித்தி சட்டென்று நழுவி, இரண்டு சீட்டுக்கு நடுவில் தரையில் குந்திக்கொண்டாள். என் இரண்டு கணுக்காலையும் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது.

"என்னடி தேடுற?" என்றாள் அம்மா முன்சீட்டிலிருந்து.

"மெட்டி கழண்டுடுச்சுக்கா."

அம்மா பதறிப்போய்க் குனிந்து தேடினாள், அப்பாவும் தேடினார், பக்கத்துச் சீட்டுக்காரரும் காலைத் தூக்கிக்கொண்டார். மெட்டி சித்தியின் விரலிலேயேதான் இருந்தது. நான் பார்த்தேன். ஊர் எல்லை தாண்டிய பிறகு, கிடைத்துவிட்டது என்று சொல்லி மேலே ஏறி உட்கார்ந்தாள். நல்லவேளை, மெட்டி தொலைந்தால் அபசகுனம் என்று அம்மா வீடு வரைக்கும் புலம்பிக்கொண்டு வந்தாள்.

ஆடிப்பெருக்குக்கு இரண்டு நாள் இருக்கையில் ஆலைக்கு நெல் கொண்டுவந்த ஆள் ஒரு சேதி கொண்டுவந்தான். பெருக்கன்று மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் திருவையாற்றுக்கு நேரே வந்துவிடுவார்களாம். மாலையை விட்ட கையோடு பெண்ணை அழைத்துப் போவார்களாம். களையெடுப்பு நடக்கிறது, ஆட்களுக்குச் சோறாக்க ஆள் வேண்டுமாம். ஆடி முடியவில்லையே என்று அப்பா இழுத்தார். "அவங்க வீட்டுப் பொண்ணு, அவங்க கூப்பிடறாங்க. நாம என்ன சொல்றது" என்றாள் அம்மா. சித்தி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அத்தான், நாளைக்கு இன்னொரு தடவை படகுல போவலாமா?" என்று கேட்டாள். அவள் வாயைத் திறந்து கேட்ட ஒரே ஆசை என்று அப்பா உடனே சரி என்றார்.

மறுநாள் கூட்டமில்லை. அம்மாவும் அப்பாவும் கரையில் நின்றார்கள். படகில் சித்தியும் நானும் படகுக்காரரும் மட்டும். சித்தி மடியில் ஒரு துணிப்பை இருந்தது. முறுக்கு என்று நினைத்து நான் கையை விட்டேன். உள்ளே மாலை.

"சித்தி, இது நாளைக்குல்ல?"

"இது இங்கேயே போயிடுச்சுன்னா அவங்க வர வேண்டியதில்ல பாரு, பாப்பா" என்றாள். ரகசியம் மாதிரிகூடச் சொல்லவில்லை. கணக்குப் போட்டு விடை சொல்வது போலச் சொன்னாள். ஒன்பது வயசுக்கு எனக்கும் அது சரியாகவே பட்டது. மாலை இல்லையென்றால் விடுவதற்கு ஒன்றுமில்லை, விடுவதற்கு ஒன்றுமில்லையென்றால் வருவானேன்?

நடுக்குளத்துக்கு வந்ததும் பையைப் பிரித்து மாலையை இரண்டு கையாலும் எடுத்து, படகுக்கு வெளியே குனிந்து மெதுவாகத் தண்ணீரில் வைத்தாள். எறியவில்லை, வைத்தாள். புது ஆறாக இருந்தால் கண்மூடித் திறப்பதற்குள் போயிருக்கும். இது குளம். மாலை மூழ்கவும் இல்லை, நகரவும் இல்லை. வைத்த இடத்திலேயே வட்டமாக மிதந்தது. ஜிகினா வெயிலில் மின்னியது.

"என்னம்மா, விழுந்துடுச்சா?" என்றார் படகுக்காரர்.

"இல்லண்ணே. விட்டேன்."

அதற்குள் கரையில் அம்மா பார்த்துவிட்டாள். தண்ணீரைக் கண்டால் தலை சுற்றும் என்பவள் கடைசிப் படி வரைக்கும் இறங்கி வந்து இரண்டு கையையும் வீசிக் கத்தினாள். "ஐயா, அத எடுங்க. கல்யாண மாலைங்க அது. கை தவறிடுச்சு, எடுங்க."

"எடுக்காதீங்கண்ணே" என்றாள் சித்தி.

படகுக்காரர் துடுப்பை நிறுத்தினார். வயதானவர். சித்தியைப் பார்த்தார், கரையைப் பார்த்தார். கரையில் இப்போது அப்பாவும் சேர்ந்து கையை ஆட்டினார். படகுக்காரர் யார் பேச்சைக் கேட்பார்? பெரியவர்கள் பேச்சைத்தான் கேட்டார். துடுப்பை நீட்டி மாலையைத் தூக்கி, நீர் சொட்டச் சொட்டச் சித்தியின் மடியிலேயே வைத்தார். "பத்திரமா வச்சுக்கம்மா" என்றார். சித்தி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கரைக்கு வரும் வரை அவள் அழவில்லை, எனக்குத்தான் அழுகை வந்தது.

மாலையை அம்மா மொட்டைமாடிக் கொடியில் துணிகளோடு சேர்த்துக் காயப்போட்டாள். உதிர்ந்த இதழ்களைப் பொறுக்கி நூலில் கோத்து இடம் நிரப்பினாள். பாசி நாற்றம் போகப் பன்னீர் தெளித்தாள். சித்தியைத் திட்டவே இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் கை தவறிவிட்டது என்றாள். அதை எத்தனை பேரிடம் சொன்னாளோ, கடைசியில் அவளே நம்பிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

ஆடிப்பெருக்கன்று திருவையாற்றுப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. மஞ்சள், காதோலை கருகமணி, வெல்லம் கலந்த காப்பரிசி, பிள்ளைகள் இழுக்கும் சப்பரத்தின் கடகட சத்தம். அந்த வருஷம் காவேரி கரையை முட்டிக்கொண்டு போனது. சித்தப்பா வெள்ளை வேட்டியில் அழகாக இருந்தார். எனக்கு ஒரு பலூன் வாங்கிக் கொடுத்தார். தங்கமான பிள்ளை என்று அம்மா அப்பாவின் காதில் சொன்னாள். சித்தியின் மாமியார் மாலையைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"என்னங்க சம்பந்தி, பாசி வாடை அடிக்குது?"

"நனைஞ்சு போச்சுங்க. காய வச்சிட்டோம்" என்றாள் அம்மா.

இருவரும் முழங்கால் தண்ணீரில் இறங்கி மாலையை விட்டார்கள். ஒரு சுழி சுழித்துக்கொண்டு அது போய்விட்டது. நான் எக்கிப் பார்ப்பதற்குள் காணோம். படியில் நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வெயில் கடுமையாக இருந்தது. சித்தி உதட்டை நாக்கால் தடவினாள். பிறகு சித்தப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

"தண்ணி குடிச்சுக்கவா?"

காவேரிக்குள் நின்றுகொண்டு கேட்டாள். சித்தப்பா படியில் நின்ற தன் அம்மாவைப் பார்த்தார். அவர் யாரிடமோ காப்பரிசி வாங்கிக்கொண்டிருந்தார். சித்தி கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். ஆறு அவள் புடவையை இழுத்துக்கொண்டு ஓடியது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவுக்குக் கேட்டுவிட்டது, முகத்தில் தெரிந்தது. அடுத்த நொடி அம்மா கூடையைத் திறந்து புளியோதரையை இலையில் வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு சித்தி எங்கள் வீட்டில் தங்கவே இல்லை. கல்யாணம் காட்சிகளில் மாமியார் பின்னால் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். நான் பெரியவளாவதற்கு முந்தைய தை மாதம், மஞ்சள் காமாலை முற்றிப் போய்ச் சேர்ந்துவிட்டாள். காய்ச்சலோடு களத்தில் நெல்லைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாளாம். ஏன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை என்று அப்பா சண்டை போட்டார். அவள் ஒன்றும் சொல்லவில்லையே என்றார்கள். கேட்டிருப்பாள். கேட்டுவிட்டு நின்றிருப்பாள். எனக்கு அது அப்போதே தெரியும், இன்றைக்கும் அதில் சந்தேகமில்லை.

அம்மா அவளைப் பற்றி எங்களிடம் பேசியதில்லை. ஆடிப்பெருக்குக்குப் படித்துறைக்குப் போவதையும் விட்டாள், வீட்டுக் குழாயடியிலேயே மஞ்சளும் பூவும் வைத்துக் கும்பிட்டு முடித்துவிடுவாள். கூட்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்பாள். அப்பா போன பிறகு அவளுக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. என்னையே சில நாள் யாரென்று கேட்பாள். காற்றாட இருக்கட்டும் என்று ஒரு சாயங்காலம் சக்கர நாற்காலியில் சிவகங்கைப் பூங்காவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அப்பா சொன்ன அதே வைத்தியத்தைத்தான் நானும் செய்திருக்கிறேன், பாருங்கள்.

குளத்தங்கரையில் நிறுத்தினேன். நடுக்குளத்தில் ஒரு படகு. அதில் ஒரு குழந்தையின் தொப்பி காற்றில் பறந்து தண்ணீரில் விழுந்தது. மஞ்சள் தொப்பி, மூழ்காமல் மிதந்தது. குழந்தை அழுதது. படகோட்டி துடுப்பை நீட்டினான்.

அம்மா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். மாதக் கணக்கில் தானாக எழுந்து நிற்காதவள். "ஐயா" என்று கூப்பிட்டாள். குரல் எங்கிருந்து வந்ததோ, கரையில் நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"ஐயா, எடுக்காதீங்க. அது அங்கேயே கெடக்கட்டும். அவ போவலையாம்."

படகோட்டிக்குக் கேட்கவில்லை. தொப்பியை எடுத்து உதறிக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டான்.